பத்துக்கு எத்தனை

வாடகை வண்டி. வெள்ளை மைவி,
பின்கதவில் யாரோ இழுத்த கீறல்.
பயான் லெப்பாஸில் சாவியை
மச்சானிடம் நீட்டினான் பையன்.
நான் வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்தேழு வயதில் எடுத்த உரிமம்.
முன்பெல்லாம் அவர்தான் ஓட்டுவார்.
நெஞ்சைத் திறந்து மூடிய பிறகு
மடியில் நோட்டு, காதில் பேனா,
இடப்பக்க இருக்கை.

நோட்டு முழுக்க அருவிகள், மதிப்பெண்கள்.
கடையநல்லூர்க்காரருக்கு
பத்துக்குப் பத்து ஒன்றே ஒன்று:
சாரல் மாதம், பழைய குற்றாலம், விடிகாலை நாலு மணி.
மற்றதெல்லாம் அதிலிருந்து கழித்துக்கொண்டே வருவது.

குலிம் பக்கம் ஒன்று, ஆறரை.
"சத்தம் இருக்கு, கனம் இல்ல."
தாப்பா தாண்டி நெடுஞ்சாலையிலிருந்தே தெரிந்தது எட்டு;
அதில் அரை, அடிவாரத்தில் தின்ற
வாழைப்பழ பஜ்ஜிக்கு.
செலாமாவில் வழி தவறி அருவி கிடைக்கவில்லை.
ஆளில்லாத கடைத்தெருவில் சவரம் செய்துகொண்டு வந்து
ஊருக்கே ஏழு போட்டார்.

நனைவது நான்.
தண்ணீர் தோளில் அறையக் கூடாதென்று
அவரைக் கரையோடு நிறுத்திவிட்டார் டாக்டர்.
நான் போய் நின்று அடி வாங்கி
பல் தந்தியடிக்கத் திரும்பி வந்து சொல்ல வேண்டும்:
இடது தோளில் குத்து,
வலதில் சும்மா தடவல்,
பிடரியில் கல்லுப்பைக் கொட்டின மாதிரி.
எழுதிக்கொள்வார்.
பொறாமை, அடுத்த தாளிலும் பதிந்திருக்கும்.

இன்று தீவின் முதுகுப்புறம்.
தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு
வளைவுக்கு ஒரு ஹாரன், வளைவுக்கு ஒரு பிஸ்மி.
பலகையில் ஆங்கில எழுத்து மூன்று,
ஏர் என்று படித்தேன்.
"காத்துக்கா அம்பு போட்டிருக்கான்?"
சாதிக்காய்ச் சாறு விற்றவள் சிரித்தாள்.
ஆயர். ஆயர் என்றால் தண்ணீர்.
ஆயர் தெர்ஜுன், குதிக்கிற தண்ணீர்.

குதிக்கவில்லை.
பாறை இருந்தது, பாசி இருந்தது,
வியர்வை போல ஒரு கசிவு.
பாறையை ஒட்டி
ஆள் தவழலாம் போல ஒரு கறுப்புக் குழாய்.
"மழை இல்லாத மாசம்லா,
இருக்கிறதும் குழாய்ல டவுனுக்குப் போயிருது"
என்றார் டுரியான் பிளந்துகொண்டிருந்தவர்.

இதுக்கா இத்தனை வளைவு என்றேன்.
நீதானே ஓட்டியே தீருவேன்னு நின்னே என்றார்.
பிறகு கால் மணி நேரம்
டுரியான் வாசம் மட்டும் பேசியது.

திரும்பிப் பார்த்தால்
குந்தி உட்கார்ந்து குழாயில் காது வைத்திருக்கிறார்,
கண்ணை மூடிக்கொண்டு.
பத்து மாதமாக
யார் யாரோ அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள்.
இப்போது அவர் முறை.

"ஜைத்தூன், வா."
எதிர்ப்பக்கம் காது வைத்தேன்.
இரும்பின் குளிர். உள்ளே
விளக்கில்லாத வீட்டில் ஒரு கூட்டமே
ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது என்று எழுதினார்.
"பாக்காமலேயா?"
"பாத்தா கொறஞ்சிரும்."

ராத்திரி ஜார்ஜ் டவுன்,
சூலியா தெரு, விடுதியின் இரண்டாம் மாடி.
குளியலறையைத் தாழிடக் கூடாது, அதுவும் டாக்டர்தான்.
குழாய் திறந்த சத்தம்,
பிறகு முழுக்கத் திறந்த சத்தம்.
"மச்சான், மெதுவா வைங்க."
காது கேட்காத பாவனை.
"அந்தத் தண்ணிதாம்ளா!" என்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல்.
எழுந்து கதவுவரை போனேன்.
தள்ளவில்லை. நின்று எண்ணினேன்.
நூற்றி எண்பதில் நின்றது.

தோள் இரண்டும் சிவந்து,
தரையெல்லாம் ஈரமாக்கிக்கொண்டு வந்து
நோட்டுக்குக் கை நீட்டினார்.
நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேன்.

"எத்தனை?"
மூச்சு வாங்கியது. சிரிப்பும்.
"இரு. சோப்பு வாசனைக்கு ஒரு அரை கொறைக்கணும்."

என் கையெழுத்தில் முதல் அருவி.
சூலியா தெரு என்று மட்டும் எழுதினேன்.
எண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்,
முதலில் துண்டு.